பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து வாடகைக்கு விட நினைக்கிறேன்: மேஸ்திரியை எப்படித் தேர்வு செய்வது, பணத்துக்கு என்ன வழி?

உறையூர் வாசி (திருச்சி)

எல்லாருக்கும் வணக்கம். நானும் மனைவியும் சேர்ந்து கே.கே. நகரில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. அரை கிரவுண்டு மனை, 1988-ல் கட்டிய தரைத்தள வீடு, 1,100 சதுர அடி. விலை 46 லட்சம், அதில் வங்கிக் கடன் 34 லட்சம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இரண்டும் சேர்ந்து 9 சதவீதம் போனதில் 4 லட்சத்துக்கு மேல் கரைந்துவிட்டது. இப்போது கையில் இருப்பது இரண்டரை லட்சம்தான்.

வேலை இதுதான்: ஹாலிலும் பின்னறையிலும் கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஒயரிங் மொத்தமும் பழசு. இரும்புக் குழாய்கள் துருப்பிடித்திருக்கின்றன. நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டு போர்ஷனாகப் பிரித்து, இன்னொரு பாத்ரூம், இன்னொரு சமையல் மேடை போட வேண்டும்.

மூன்று பேரிடம் கேட்டேன். ஒரு மேஸ்திரி 8.5 லட்சம் என்று வாயால் சொன்னார். ஒரு கான்ட்ராக்டர் "எல்லாம் சேர்த்து 6.2 லட்சம், பாதியை முதலில் கொடுங்கள், நாளையே ஆள் இறக்குகிறேன்" என்கிறார். ஒரு சிவில் இன்ஜினியர் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எழுதி 7.4 லட்சம் என்று தாள் கொடுத்தார். வீட்டில் 6.2 பக்கம் சாய்கிறார்கள். யாரை நம்புவது? மீதிப் பணத்தை எங்கே புரட்டுவது?

---

ரசமட்டம் (கோவை)

நான் சைட் இன்ஜினியர். 6.2 லட்சக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கூரைக் கம்பிக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" "கொத்திவிட்டு சிமென்ட் பூசிடலாம் சார்" என்று பதில் வந்தால் அங்கேயே நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்த கம்பிதான் காரையைத் தள்ளுகிறது. துருவை அப்படியே விட்டு மேலே பூசினால் இரண்டு மழைக்காலத்தில் மறுபடி பெயர்ந்து குடியிருப்பவர் தலையில் விழும். சரியான வேலை என்றால், சுத்தியலால் கூரை முழுக்கத் தட்டிப் பார்த்து உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வரும் இடமெல்லாம் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கம் வரை பழைய காரையை எடுத்துவிட வேண்டும். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த காரையால் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரிகிற அளவு மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். அதைவிட முக்கியம், மேலே மொட்டைமாடியில் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடித்து அடைப்பது. மேலே அடைக்காமல் கீழே செய்கிற எல்லாமே வீண்.

7.4 லட்சத் தாளில் இதற்குத் தனி வரி இருக்கிறதா பாருங்கள். எத்தனை சதுர அடி என்று அளவு போட்டிருந்தால் அவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். 6.2-ஐயும் 7.4-ஐயும் ஒப்பிடவே முடியாது, ஏனென்றால் 6.2-க்குள் என்ன அடங்கியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

---

வைகைக்கரை (மதுரை)

தம்பி, எனக்கு இங்கே மூன்று போர்ஷன் இருக்கிறது. பண விஷயத்துக்கு மதுரைப் பக்கம் எல்லாரும் செய்வதைச் சொல்கிறேன். ஒரு போர்ஷனை முதலில் முடித்து ஒத்திக்கு விடுங்கள், அதாவது மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் குடிவையுங்கள். 5 லட்சம் கையில் வந்துவிடும். அதை வைத்து மறு போர்ஷனை முடிக்கலாம். மூன்று வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தால் போதும், மாத வட்டி கட்டுகிற தொல்லை இல்லை.

மேஸ்திரி விஷயத்தில் என் வழி ஒன்றுதான். அவர் முடித்துக் கொடுத்த வீட்டைக் காட்டுகிறேன் என்பார், அதைப் பார்க்காதீர்கள். பெயின்ட் அடித்த வீடு எல்லாமே அழகுதான். இப்போது நடக்கிற சைட்டுக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள், அதுவும் சனிக்கிழமை சாயங்காலம். கூலி ஒழுங்காகக் கைமாறுகிறதா, ஆட்கள் முணுமுணுக்கிறார்களா என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஏரியா ஹார்டுவேர் கடையில் மெதுவாகப் பேச்சுக் கொடுங்கள். யாருக்குக் கடன் நிற்கிறது என்று கடைக்காரருக்குத்தான் அத்துப்படி.

---

பழைய மேனேஜர் (தஞ்சாவூர்)

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வைகைக்கரை அம்மா சொன்ன சனிக்கிழமை யோசனைக்கு முழு மதிப்பெண். ஒத்தி யோசனையை மட்டும் தயவுசெய்து இந்த வீட்டில் செய்ய வேண்டாம்.

முதலில் கணக்கு. அந்தப் போர்ஷன் மாதம் 8,500 வாடகைக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,02,000. அதை விட்டுக்கொடுத்து 5 லட்சம் வாங்குகிறீர்கள் என்றால் வட்டி 20 சதவீதத்துக்கும் மேல். ஒத்தித் தொகையை ஊரில் ரெண்டு வட்டிக் கணக்கில்தான் போடுவார்கள், அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். கையை விட்டுப் பணம் போகாததால் வட்டியே இல்லை என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து சட்டம். ஒத்தி என்பது சுவாதீன அடமானம். நூறு ரூபாய், அதற்கு மேல் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டம். பதிவு செய்தால் வில்லங்கத்தில் ஏறும், ஏற்கெனவே மூலப்பத்திரத்தை வாங்கி வைத்திருக்கும் வங்கி கேள்வி கேட்கும். பதிவு செய்யாமல் வெறும் பத்திரத்தாளில் எழுதினால் 5 லட்சம் கொடுத்தவருக்குப் பாதுகாப்பில்லை. நாளை உங்கள் கடனில் சிக்கல் வந்தால் தெருவில் நிற்பது அவர் குடும்பம்.

இப்போது வங்கி வழி. வீட்டுப் புதுப்பிப்புக்கென்றே தனிக் கடன் உண்டு. இன்ஜினியர் கையெழுத்திட்ட எஸ்டிமேட் கேட்பார்கள். வட்டி வீட்டுக்கடனை ஒட்டியே இருக்கும், சில இடங்களில் சற்றுக் கூடுதல். ஓடுகிற வீட்டுக்கடனுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கும் டாப்-அப் கடனும் உண்டு, ஆனால் பொதுவாக ஒரு வருஷமாவது தவணை ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும் என்பார்கள். உங்களுக்கு அது இப்போதே கிடைப்பது சந்தேகம். புதுப்பிப்புக் கடனுக்கே விண்ணப்பியுங்கள். மாறும் வட்டியில் எடுத்தால் முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாது.

---

நெல்லைச் சீமை (திருநெல்வேலி)

இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? தெரிந்த இன்ஜினியரிடம் 12 லட்சத்துக்கு எஸ்டிமேட் வாங்கி பேங்கில் கொடுங்க. வேலையை 7-ல் முடிச்சிட்டு மீதியைக் கையில் வச்சுக்கலாம். எல்லாரும் செய்யறதுதான்.

---

பழைய மேனேஜர் (தஞ்சாவூர்)

எல்லாரும் செய்கிறார்கள், சிலர் மாட்டுகிறார்கள். மாட்டியவர்களின் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். பொய்யான எஸ்டிமேட் என்பது மோசடி, அதில் இரண்டாவது கருத்தே இல்லை. அதை விட்டாலும் இந்த யோசனை நடைமுறையில் வேகாது. புதுப்பிப்புக் கடனை வங்கி மொத்தமாகக் கையில் கொடுக்காது. வேலை இவ்வளவு முடிந்தது என்று மதிப்பீட்டாளர் வந்து பார்த்து எழுதிய பிறகே அடுத்த தவணை. 12 லட்சத்துக்கு எழுதிவிட்டு 7 லட்சத்துக்கு வேலை செய்தால் கடைசித் தவணைகள் வராமலே போகும்.

---

கரணை (புதுக்கோட்டை)

என் அப்பா மேஸ்திரி, நானும் இப்போது அதே தொழில். எல்லாரும் மேஸ்திரியைச் சந்தேகிக்கிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

பாதிப் பணம் முன்பணம் கேட்பது தப்பு, அதை நானே சொல்கிறேன். ஆனால் முன்பணமே இல்லாமல் எந்த மேஸ்திரியும் வரமாட்டான். ஏன் என்றால் ஆட்களுக்கு நாங்கள் முன்பணம் கொடுத்துத்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம். உங்கள் வேலைக்கு இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனாருக்கு 1,100, சித்தாளுக்கு 700 போட்டால் ஒரு நாளைக்கு 4,300. ஆறு நாளைக்கு 25,800. சனிக்கிழமை சாயங்காலம் இந்தப் பணம் என் கையில் இருந்தாக வேண்டும். "பேங்க் ஆபீசர் செவ்வாய்க்கிழமை வந்து பார்ப்பார், அப்புறம் தருகிறேன்" என்று ஓனர் சொன்னால் நான் என்ன செய்வேன்? அடுத்த ஓனரிடம் வாங்கிய முன்பணத்தை எடுத்துக் கொடுப்பேன். அப்புறம் அந்த ஓனர் வேலைக்கு ஆட்களை அனுப்பியாக வேண்டும். உங்கள் சைட் நாலு நாள் காலியாகக் கிடக்கும். நீங்கள் ஏமாற்றுகிறான் என்பீர்கள்.

பாதியில் விட்டுப் போகிற மேஸ்திரி முக்கால்வாசிப் பேர் இப்படிச் சிக்கியவர்கள்தான். திருடர்கள் இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறார்கள். அவர்கள் சீக்கிரமே கையெழுத்துக்கு அவசரப்படுவார்கள், எதையும் அளக்க மாட்டார்கள்.

---

ரசமட்டம் (கோவை)

கரணை தம்பி சொன்னதை உறையூர் வாசி இரண்டு முறை படிக்க வேண்டும். இதுதான் மொத்தப் பிரச்சினையும். வங்கிப் பணம் வேலைக்குப் பின்னால் வருகிறது, கூலி வேலையோடு கூடவே போகிறது. இடையில் இருக்கும் அந்த மூன்று நாலு வார ஓட்டைக்குப் பணம் இல்லாதவருக்கு எவ்வளவு நல்ல மேஸ்திரி கிடைத்தாலும் கெட்டவராகத்தான் தெரிவார்.

அதனால் இப்படிப் பிரியுங்கள். கூலியை மட்டும் மேஸ்திரியிடம் பேசி முடியுங்கள், பொருள் உங்கள் பொறுப்பு. சிமென்ட், டைல்ஸ், ஒயர், குழாய் எல்லாம் உங்கள் பெயரில் பில் போட்டு நீங்களே வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதற்கு முந்தைய ரேட்டை யாராவது எஸ்டிமேட்டில் வைத்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள். எம்-சாண்ட் லோடு வரும்போது கொட்டவிடாதீர்கள். டேப் எடுத்து லாரிப் பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் அளந்து பெருக்குங்கள். 100 கன அடி ஒரு யூனிட். மூன்று யூனிட் என்று பில் வரும், உள்ளே இரண்டரைதான் இருக்கும். முதல் லோடில் நீங்கள் டேப்போடு நின்றால் போதும், அடுத்த லோடு தானாகவே நிறைந்து வரும்.

கூலிக்கு முன்பணம் ஒரு வாரக் கூலி, அதிகம் போனால் 30,000. அதன் பிறகு சனிக்கிழமைதோறும் செலவுக்கு ஒரு தொகை, வேலை கட்டம் கட்டமாக முடியும்போது கணக்கு நேர். கூரை வேலை முடிந்தது ஒரு கட்டம். குழாய், ஒயர் பைப் சுவருக்குள் போட்டு மூடுவதற்கு முன் ஒரு கட்டம். பாத்ரூமில் தண்ணீர் கட்டிப் பார்த்தது ஒரு கட்டம். கடைசி 10 சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒழுங்கான மேஸ்திரி இதற்கு முகம் சுளிக்க மாட்டார். கரணை, சரிதானே?

---

கரணை (புதுக்கோட்டை)

10 அதிகம் சார், 5 போடுங்கள். மற்றதெல்லாம் சரி. இன்னொன்று, வேலை நடக்கும்போது "இந்தச் சுவரையும் கொஞ்சம் தள்ளிடுங்க, அங்கே ஒரு அலமாரி வச்சிடுங்க" என்று ஓனர் சொல்வது எக்ஸ்ட்ரா வேலை. சொன்ன அன்றே ரேட் பேசி வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். சண்டை வருவதே இந்த எக்ஸ்ட்ராவில்தான். எங்களுக்கும் அது நல்லது.

---

சிராங்கூன் தமிழன் (சிங்கப்பூர்)

நான் இங்கிருந்தபடியே காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டைச் செப்பனிட்டேன். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை: பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவரை வாரம் இரண்டு முறை சைட் பார்க்கச் சம்பளம் பேசி அமர்த்துங்கள். சொந்தக்காரர்களை அமர்த்தாதீர்கள். மாமாவிடம் "பூச்சு காயாமல் இருக்க ஏன் தண்ணீர் விடவில்லை" என்று கேட்க முடியாது, ஓவர்சியரிடம் கேட்கலாம்.

எனக்கு மிகவும் உதவியது படங்கள். குழாயும் ஒயர் பைப்பும் போட்ட சுவரைப் பூசுவதற்கு முன்னால், தரையிலிருந்து டேப்பை நிமிர்த்திப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படமெடுக்கச் சொன்னேன். குழாய் எத்தனை அடி உயரத்தில் ஓடுகிறது என்று படத்திலேயே தெரியும். குடித்தனக்காரர் டிவி மாட்ட ஆணி அடிக்கும்போதுதான் இதன் அருமை புரியும்.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். விளக்குக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், பிளக் பாயின்டுக்கு 2.5, ஏசி, ஹீட்டருக்கு 4. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் போடுங்கள். வாடகை வீட்டில் யார் எந்தப் பழைய அயர்ன்பாக்ஸைச் செருகுவார்கள் என்று நமக்குத் தெரியாது.

---

உறையூர் வாசி (திருச்சி)

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவே இல்லை, எல்லாருக்கும் நன்றி. இன்ஜினியரின் தாளைப் பார்த்தேன். "கூரைக் கான்கிரீட் பழுது, 310 சதுர அடி" என்று தனி வரி இருக்கிறது, மாடித் தளத்துக்குத் தனி வரி. 6.2 லட்சக்காரரிடம் ரசமட்டம் சார் சொன்ன கேள்வியைக் கேட்டேன். "அதெல்லாம் பூச்சிலேயே வந்துடும்" என்றார். அத்தோடு முடித்துக்கொண்டேன்.

மேனேஜர் சார், புதுப்பிப்புக் கடனாக 5 லட்சம் கேட்கலாம் என்று இருக்கிறோம். கரணை சொன்ன அந்தச் சனிக்கிழமைப் பணத்துக்கு மனைவியின் நகையை வைக்கலாமா? சீட்டும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தள்ளி எடுக்கலாமா?

---

பழைய மேனேஜர் (தஞ்சாவூர்)

நகைக்கடன் இந்த இடத்துக்குப் பொருத்தமானது, அளவோடு இருந்தால். வங்கியில் ஆண்டுக்கு 9, 10 சதவீத வட்டிக்குக் கிடைக்கும். 2 லட்சத்தை ஆறு மாதம் வைத்திருந்தால் வட்டி 10,000 ரூபாய். ஒத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நகை மதிப்பில் எவ்வளவு வரை கடன் என்பதிலும் ரிசர்வ் வங்கி 2026 ஏப்ரல் முதல் புது அளவு வைத்திருக்கிறது: 2.5 லட்சம் வரை 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. ஒரே நிபந்தனை, நகையைச் சுழற்சிப் பணமாக மட்டும் பயன்படுத்துங்கள். வங்கித் தவணை வந்தவுடன் கடனைக் குறையுங்கள். டைல்ஸை உயர்த்த, கிரானைட் போட என்று அந்தப் பணம் போனால் நகை மீளாது.

சீட்டு பதிவு செய்யப்பட்டதா என்று முதலில் பாருங்கள். பதிவுள்ள சீட்டில் நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம், அது ஏலத்தில் நீங்கள் விடும் தள்ளுபடியிலிருந்தே போகும். ஆரம்ப மாதங்களில் அவசரமாக எடுத்தால் தள்ளுபடி பெரிதாகும். பாதிக்கு மேல் ஓடிவிட்டது என்றால் எடுக்கலாம், இல்லையென்றால் அப்படியே ஓடட்டும்.

வருமான வரியையும் சொல்லிவிடுகிறேன். வாடகை வருமானத்தில், கட்டிய வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதத்தைச் செலவு என்று கழித்துக்கொள்ளலாம். நீங்கள் உண்மையில் செய்த பழுதுச் செலவை அதற்கு மேல் தனியாகக் காட்ட முடியாது. ஆனால் அந்தப் பழுதுக்காக வாங்கிய கடனின் வட்டியைக் காட்டலாம். குடியிருக்கும் வீட்டுக்கு இருக்கும் 30,000 ரூபாய் வரம்பு, வாடகை வீட்டுக்கு இல்லை. எந்த வகைக் கடன் என்பது பெரிதில்லை, பணம் இந்த வீட்டுக்குத்தான் போனது என்று காட்ட வேண்டும். அதனால் நகைக்கடன் பணமும் உங்கள் கணக்கு வழியாகவே போகட்டும். புதிய வரி முறையில் இருந்தால் வீட்டுக் கணக்கில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, அதை மனதில் வையுங்கள். பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். சுவர் வைத்தது, புது பாத்ரூம் கட்டியது போன்ற மேம்பாட்டுச் செலவை விற்கும்போது மூலதன ஆதாயத்தில் கழிக்கலாம்.

---

ஊமைக்குசும்பன் (சென்னை)

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். 46 லட்சம், பத்திரம் 4, வேலை 7. மொத்தம் 57 லட்சம். இரண்டு போர்ஷனும் 8,500 என்றால் வருஷத்துக்கு 2,04,000. மூன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். 34 லட்சத்துக்கு 20 வருஷம், எட்டரை சதவீதம் என்றால் தவணையே மாதம் 29,500 பக்கம் வரும். வாடகை 17,000. மாதாமாதம் 12,500 கையிலிருந்து போடப் போகிறீர்கள், அதுவும் இரண்டு போர்ஷனும் காலியில்லாமல் ஓடினால். இதை முதலீடு என்று சொல்கிறோமே, நிலம் ஏறும் என்கிற நம்பிக்கைதான் இது. அதுவும் தப்பில்லை, தெரிந்தே செய்ய வேண்டும்.

---

உறையூர் வாசி (திருச்சி)

தெரிந்தேதான் சார். அந்த 12,500-ஐ இருவர் சம்பளத்திலிருந்தும் போடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். கே.கே. நகரில் மனை வாங்கி வெறுமனே போட்டு வைப்பதற்கு இது மேல் என்று நினைத்தோம். புதுப்பிப்புக் கடன் தவணையும் சேர்ந்தால் இன்னும் இறுகும், அதனால்தான் 7.4 லட்சத்தில் எதைத் தள்ளிப்போடலாம் என்று பார்க்கிறேன்.

---

வைகைக்கரை (மதுரை)

மேனேஜர் ஐயா கணக்கைப் பார்த்த பிறகு எனக்கே என் ஒத்தி வீட்டைப் பற்றி யோசனை வந்துவிட்டது, அது இருக்கட்டும். தள்ளிப்போட வேண்டியது என்றால் சொல்கிறேன். வெளிப்பூச்சு பெயின்ட், காம்பவுண்டு கேட், மாடுலர் கிச்சன் எதுவும் வேண்டாம். கடப்பா மேடை, கீழே கதவில்லாத அலமாரி போதும். பழைய மொசைக் தரை நன்றாக இருந்தால் உடைக்காதீர்கள், பாலிஷ் போடுங்கள். குடித்தனம் வருகிற பெண்கள் முதலில் பார்ப்பது பாத்ரூமும் தண்ணீர் வரத்தும்தான். இரண்டு போர்ஷனுக்கும் தனித்தனி தண்ணீர் டேங்க் வையுங்கள், மாடிப்படிச் சண்டை பாதி குறையும்.

கரன்ட் கனெக்‌ஷனும் இரண்டு தனித்தனியாக வாங்குங்கள். ஒரே மீட்டரில் பிரித்துக் கொடுத்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பஞ்சாயத்துதான்.

---

ரசமட்டம் (கோவை)

அக்கா சொன்னதில் மொசைக்கை நான் வழிமொழிகிறேன். அறுநூறு சதுர அடி டைல்ஸ் மிச்சம் என்றால் பொருளும் கூலியும் சேர்ந்து அரை லட்சத்துக்கு மேல் குறையும். ஆனால் கூரையிலும் மாடித் தளத்திலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள்.

நாட்காட்டியையும் பாருங்கள். கூரையும் மாடியும் புரட்டாசிக்குள் முடிய வேண்டும். ஆடியில் புது வேலை தொடங்க மாட்டேன் என்று பலர் ஒதுங்குவதால் நல்ல மேஸ்திரிகள் அப்போதுதான் ஓரளவு காலியாக இருப்பார்கள். உங்களுக்குச் சாஸ்திரம் தடையில்லை என்றால் அந்த மாதத்தில் இடிப்பு வேலையை முடித்துவிடலாம். தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஆளே கிடைக்காது.

நடுச்சுவரை எங்கே வைக்கிறீர்கள் என்பதை அந்த இன்ஜினியரையே குறித்துத் தரச் சொல்லுங்கள். தரையில் சும்மா ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை ஏற்றினால் கீழே அஸ்திவாரம் இல்லாமல் தரை இறங்கும். நாலரை அங்குலச் சுவரோ, எடை குறைந்த ஏஏசி பிளாக்கோ போதும். ஏற்கெனவே இருக்கும் சுவரில் புது வாசல் உடைப்பதாக இருந்தால் மேலே லின்டல் (சுவர்ச் சுமையைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) போடாமல் உடைக்க விடாதீர்கள்.

---

உறையூர் வாசி (திருச்சி)

இன்று இன்ஜினியரோடு பேசினேன். மொசைக்கை வைத்துக்கொண்டு, வெளி பெயின்டை எடுத்துவிட்டு 6.6 லட்சத்துக்கு எஸ்டிமேட்டைத் திருத்தித் தருகிறார், வங்கிக்கும் அதே தாள்தான். மேற்பார்வைக்கு அவருக்குத் தனித் தொகை, கூலி ஒப்பந்தம் அவர் காட்டிய மேஸ்திரியோடு. பிடித்தம் 10-க்கும் 5-க்கும் நடுவில் ஏழரை என்று முடிந்தது. சனிக்கிழமை அந்த மேஸ்திரியின் வேறொரு சைட்டுக்கு, வயலூர் ரோட்டில், சொல்லாமல் போகப் போகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பாத்ரூமில் தண்ணீர் கட்டிப் பார்ப்பது என்றால் எவ்வளவு நேரம்?

---

கரணை (புதுக்கோட்டை)

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால், வாட்டர்புரூஃப் அடித்துக் காய்ந்த பிறகு, ஓட்டையைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள் அண்ணா. சுவரில் தண்ணீர் மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48. வெயிலில் கொஞ்சம் ஆவியாகும், அது பரவாயில்லை. கோட்டுக்குக் கீழே விரல் கணக்கில் இறங்கினாலோ, பக்கத்து அறைச் சுவரடியில் ஈரம் தெரிந்தாலோ மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.